ஹேமரா, ரோப்ளாக்ஸ் ஸ்டூடியோவா: லைட்டும் தண்ணியும் எதுல ஒழுங்கா வரும்?

கேமுக்கு மேப், அதாவது விளையாடுற இடம், பண்றதுக்கு எந்த எடிட்டர் நல்லதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நான் திருப்பி ரெண்டே கேள்விதான் கேப்பேன், உங்க மேப்புல தண்ணி இருக்கா, கேம் ஓடும்போது பொழுது மாறுமா. இதுக்குப் பதில் தெரிஞ்சா பாதி முடிவு அங்கேயே ஆயிடும். ஏன்னா கட்டிடம், கதவு, படிக்கட்டு எல்லாம் எந்த எடிட்டர்லயும் எப்படியாவது கட்டிரலாம், வெளிச்சமும் தண்ணியும் மட்டும்தான் அந்தந்த எஞ்சின் (கேமை ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர்) விடுற அளவுக்கு மேல போகவே போகாது.

ஒரே சீனை ரெண்டுலயும் வெச்சுப் பாப்போம். சாயங்காலம், சின்னதா ஒரு துறைமுகம், வெயில் சாஞ்சு விழுது, கல்லுப் படி தண்ணிக்குள்ள இறங்குது, ஓரத்துல செங்கல் கோடவுன். ஒரு பக்கம் ஹேமர், அதாவது 2004ல ஹாஃப் லைஃப் 2 வந்தப்போ கூடவே வந்த சோர்ஸ் எஞ்சினோட எடிட்டர், இன்னைக்கும் அதுல மேப் பண்ற ஆளுங்க இருக்காங்க. இன்னொரு பக்கம் ரோப்ளாக்ஸ் ஸ்டூடியோ, ரோப்ளாக்ஸ்ங்கற ஆன்லைன் கேம் தளத்துக்கு மேப் பண்ற எடிட்டர்.

முதல்ல வெயில். ஹேமர்ல லைட் என்விரான்மென்ட்னு ஒரு என்டிட்டி (மேப்புக்குள்ள வெக்கிற, தனி வேலை செய்யுற பொருள்) போடணும், பிரைட்னஸ்ல நாலு நம்பர் வரும், முதல் மூணு கலர், கடைசி ஒண்ணு பவர். நம்ம சீனுக்கு 255 190 120 300ன்னு ஆரம்பிக்கலாம். ஆம்பியன்ட்டுங்கறது வெயில் படாத நிழல்ல தெரியுற கலர், அதுக்கு கொஞ்சம் நீலம் கலந்து குறைவா குடுங்க, அப்போதான் வெயில் மஞ்சளா தெரியும். ரெண்டையும் ஆரஞ்சா வெச்சா மேப் முழுக்க மஞ்சத்தண்ணி ஊத்துன மாதிரி ஆயிடும். சூரியன் எவ்வளவு தாழ இருக்குங்கறது பிட்ச், மைனஸ் 12 குடுத்தா நல்ல நீளமான நிழல் வரும். இந்த பிட்ச் தனி கட்டத்துல இருக்கும், மேல ஆங்கிள்ஸ்ல இருக்குற பிட்சை மாத்திட்டு வெயில் நகரவே இல்லன்னு பொலம்புறவங்கதான் அதிகம். இன்னொண்ணு, ஸ்கைபாக்ஸ் டூல் டெக்ஸ்சர், அதாவது இங்க வானம்னு சொல்ற பூச்சு, அடிச்ச முகத்துல (பிளாக்கோட ஒரு பக்கம்) இருந்துதான் வெயில் உள்ள வரும், வானத்துல தெரியுற சூரிய வட்டம் என்வ் சன்னுங்கற தனி என்டிட்டி, ரெண்டோட கோணத்தையும் நீங்கதான் ஒத்துப்போக வெக்கணும்.

இவ்வளவும் பண்ணி ரிசல்ட்டை உடனே பாக்க முடியாது, அதான் ஹேமரோட பெரிய தலைவலி. கம்பைல் போடணும், அதாவது மேப்பை கேம் ஓட்டுற ஃபைலா மாத்தணும், அதுக்கு விபிஎஸ்பி, விவிஸ், விராட்னு மூணு புரோகிராமும் ஓடி முடியணும், அதுல விராட்தான் லைட் கணக்கு போடுறது. சும்மா பாக்கறதுக்கு ஃபாஸ்ட், கடைசியா ஃபைனல்னு மாத்தி மாத்தி ஓட்டுவாங்க, பெரிய மேப்னா ஃபைனல் போட்டுட்டு சாப்பிட்டு வந்துரலாம். ஆனா அதுக்குக் கிடைக்குற கூலி இருக்கு பாருங்க, வெளிச்சம் நிஜமாவே பட்டுத் திரும்புது. அந்த செங்கல் செவத்துல வெயில் பட்டா பக்கத்துத் தரையில லேசா சிவப்பு ஏறும், படிக்கட்டுக்கு அடியில மெல்லிசா ஒரு வெளிச்சம் போய் நிக்கும், இதுக்காக தனியா நீங்க எதுவுமே பண்ணியிருக்க மாட்டீங்க. நிழல் ஓரம் பிசிறா இருந்தா அந்த முகத்தோட லைட்மேப் (கணக்குப் போட்டு வெச்ச வெளிச்சப் படம்) ஸ்கேல் 16ல இருக்கும், அதை 8 ஆக்குங்க, இல்ல 4. ஒவ்வொரு தடவை பாதியாக்கும்போதும் டேட்டா நாலு மடங்காகும், அதனால மேப் முழுக்க செய்யாம நிழல் விழுற தரைக்கு மட்டும் போதும்.

ரோப்ளாக்ஸ்ல இந்த கதையே கிடையாது. லைட்டிங்ல போய் கிளாக் டைமை 17.5, அதாவது சாயங்காலம் அஞ்சரை மணி, ஆக்குனா சூரியன் கண்ணு முன்னாடி இறங்குது, அவுட்டோர் ஆம்பியன்ட், எக்ஸ்போஷர் எல்லாம் மாத்த மாத்த அங்கேயே தெரியும். இந்த சௌகரியத்துக்கு முன்னாடி ஹேமர் பழைய காலத்து சாமான்தான், ஒத்துக்கறேன். அட்மாஸ்பியர்ங்கற காத்து எஃபெக்ட்டை சேர்த்து ஹேஸ், அதாவது மங்கல், கொஞ்சம் ஏத்துனா துறைமுகத்துல தூரத்துல இருக்குற கிரேன் மங்கலா போய் சாயங்காலம் தானா வந்துரும். அட்மாஸ்பியர் போட்டதும் பழைய ஃபாக் (மூடுபனி) செட்டிங்ஸ் வேலை செய்யாது, கிளேர் (சூரியனைச் சுத்தித் தெரியுற கூச்சம்) வேணும்னா ஹேஸ் பூஜ்ஜியத்துக்கு மேல இருக்கணும், இது ரெண்டும் தெரியாமத்தான் பல பேர் மண்டையை ஒடச்சுக்கறாங்க. செவத்துல பட்டுத் திரும்புற அந்த சிவப்பு மட்டும் இங்க தானா வராது, நீங்களே ஒரு பாயின்ட் லைட்டை (சுத்தியும் வெளிச்சம் விடுற விளக்கு) ஒளிச்சு வெச்சு ஏமாத்தணும்.

ஸ்டூடியோவுல இன்னொரு வம்பு உண்டு. லைட்டிங் டெக்னாலஜின்னு வெளிச்சமும் நிழலும் போடுற முறைகள் வோக்சல், ஷேடோமேப், ஃப்யூச்சர்னு இருந்துச்சு, இப்போ அதையெல்லாம் ஒண்ணாக்குற பக்கம் போய்ட்டு இருக்காங்க, ஆனா அடிப்படை அதேதான். ஷேடோமேப்ல வெயிலோட நிழல் துல்லியமா இருக்கும், விளக்கோட நிழல் மங்கலா இருக்கும், ஃப்யூச்சர்ல விளக்குக்கும் நல்ல நிழல். உங்க பிசில தகதகன்னு இருக்கும், விளையாடுறவன் கையில இருக்குறது குறைஞ்ச விலை போன், கிராஃபிக்ஸ் லெவல் கீழ இறங்கிருச்சுன்னா நீங்க வெச்ச நிழல்ல பாதி அவனுக்குத் தெரியாது. அதனால ஸ்டூடியோ செட்டிங்ஸ்ல எடிட்டர் குவாலிட்டி லெவலை 1க்கு இறக்கி ஒரு தடவை மேப்பை சுத்திப் பாருங்க. போன்ல எப்படித் தெரியும்னு காட்டுற டிவைஸ் எமுலேட்டரை நம்பாதீங்க, அது ஸ்க்ரீன் அளவைத்தான் மாத்தும், உங்க கிராஃபிக்ஸ் கார்டை போன் ஆக்காது. ஹேமர்ல கம்பைல்லயே கணக்குப் போட்டு வெச்ச லைட்மேப் ஓட்டை பிசிலயும் அப்படியே தெரியும், இந்த ஒரு விஷயத்துல ஹேமருக்கு என் ஓட்டு.

இப்போ தண்ணிக்கு வருவோம், நிஜமான சண்டை இங்கதான்.

ஹேமர்ல தண்ணிங்கறது ஒரு சாதா பிரஷ் (மேப் கட்டுற பிளாக்), மேல் முகத்துக்கு தண்ணி டெக்ஸ்சர், மிச்ச எல்லா முகத்துக்கும் நோடிரா, அதாவது கண்ணுக்குத் தெரியாத டெக்ஸ்சர். கூட வாட்டர் எல்ஓடி கன்ட்ரோல்னு ஒரு என்டிட்டி போட்டுருங்க, எவ்வளவு தூரத்துல எக்ஸ்பென்சிவ் தண்ணி சீப் தண்ணியா மாறணும்னு அதுதான் முடிவு பண்ணும். எக்ஸ்பென்சிவ்னா எதிர்ல இருக்குற கோடவுனை நிஜமாவே திருப்பி வரைஞ்சு பிரதிபலிக்கும், சீப்னா முன்னாடியே எடுத்து வெச்ச கியூப்மேப் படத்தைக் காட்டும். அந்த கியூப்மேப்பை கேமுக்குள்ள பில்ட் கியூப்மேப்ஸ் கமாண்ட் அடிச்சுத்தான் எடுக்கணும், திரும்ப கம்பைல் போட்டா அது போயிடும், திரும்ப எடுக்கணும். எடுக்கலைன்னா தூரத்துத் தண்ணியில கோடவுன் இருக்காது, வெறும் வானம்தான் இருக்கும். எக்ஸ்பென்சிவ் தண்ணி ரெண்டு வேற வேற உயரத்துல ஒரே நேரம் கண்ணுல படக்கூடாதுங்கறது இன்னொரு கட்டுப்பாடு, அருவி, மாடியில நீச்சல் குளம்னு ஆசை இருந்தா இங்க அடங்கிடும்.

தண்ணி கலர் எங்க இருக்குன்னு கேட்டா லைட்ல இல்ல, தண்ணி டெக்ஸ்சரோட குணமெல்லாம் எழுதியிருக்குற மெட்டீரியல் ஃபைல்ல ஃபாக் கலர்னு இருக்கு, ஃபாக் எண்ட் எவ்வளவு ஆழம் வரைக்கும் கண்ணுக்குத் தெரியணும்னு சொல்லுது. பழைய சோர்ஸ் கேம்ஸ்ல இந்த ஃபாக் கலர் மேப்போட வெளிச்சத்தைப் பத்தி கவலையே படாது. பகல் மேப்புக்குன்னு செஞ்ச பச்சைத் தண்ணியை எடுத்து நம்ம சாயங்காலத் துறைமுகத்துல ஊத்துனா, சுத்தியும் இருட்டிட்டு வரும்போது தண்ணி மட்டும் உள்ள பல்பு போட்ட மாதிரி பளிச்சுன்னு நிக்கும். நிறைய பேர் வெயிலைக் குறைச்சுக் குறைச்சு பாப்பாங்க, ஒண்ணும் ஆகாது. மெட்டீரியலை காப்பி பண்ணி ஃபாக் கலரை நல்லா இருட்டாக்கணும், அவ்வளவுதான் மருந்து. ஆனா மெட்டீரியல் தனித்தனியா இருக்குறதால துறைமுகத்துக்கு ஒரு கலர், பின்னாடி சாக்கடைக்கு ஒரு கலர்னு வெச்சுக்கலாம்.

அது ரோப்ளாக்ஸ்ல நடக்கவே நடக்காது. டெரெய்ன்ல, அதாவது நிலமும் தண்ணியும் செய்யுற பகுதியில, தண்ணிக்கு அஞ்சு செட்டிங், கலர், ரிஃப்ளெக்டன்ஸ் (பிரதிபலிப்பு), டிரான்ஸ்பரன்சி (எவ்வளவு ஊடுருவித் தெரியணும்), அலை அளவு, அலை வேகம், இது அஞ்சும் மேப் முழுக்க ஒண்ணுதான். கடல் நீலமா இருந்தா சாக்கடையும் நீலம்தான். வேற கலர் வேணும்னா பார்ட் (ரோப்ளாக்ஸோட சாதா பிளாக்) வெச்சு கிளாஸ் மெட்டீரியல் போட்டு தண்ணி மாதிரி காட்டலாம், நீந்துறதுக்கு ஸ்கிரிப்ட் எழுதணும். அலையும் கண்ணுக்கு மட்டும்தான், படகு அதுக்கேத்த மாதிரி ஆடாது. படகுக்குள்ளயும் தண்ணி தெரியும், ஏன்னா பார்ட் தண்ணியை ஒதுக்காது. நம்ம சீனுக்கு நான் சொல்றது, அலை அளவை 0.05க்கு இறக்குங்க, துறைமுகத்துக்குள்ள தண்ணி சும்மா கெடக்கணும், டீஃபால்ட்ல இருக்குற 0.15 திறந்த கடலுக்குத்தான் சரி. டிரான்ஸ்பரன்சி குறைவா இருந்தா படி தண்ணிக்குள்ள போற இடம் நல்லா மறையும்.

வார்கிராஃப்ட் 3 வேர்ல்ட் எடிட்டர் பத்தியும் யாராவது கேப்பாங்க. அதுலயும் தண்ணி டின்ட் (கலர் சாயல்) மேப்புக்கு ஒண்ணுதான், மேல இருந்து பாக்குற கேம்ங்கறதால பிரதிபலிப்பு பத்தின பேச்சே எழாது.

பொழுது மாறாத மேப், ஒரே மூடு, மூலை மூலையா வேற வேற தண்ணின்னா யோசிக்காம ஹேமர் போங்க, கம்பைலுக்கு பொறுமை இருந்தா. பகல் ராத்திரி மாறணும், ஃப்ரெண்ட்ஸ் உடனே சேர்ந்து விளையாடணும்னா ரோப்ளாக்ஸ், அங்க ஹேமரால முடியாத ஒரு வித்தை இருக்கு, கிளாக் டைம் நகர நகர தண்ணி கலரையும் டிரான்ஸ்பரன்சியையும் ஸ்கிரிப்ட்ல சேர்த்தே ட்வீன் பண்ணலாம், அதாவது படிப்படியா மாத்தலாம், 17ல இருந்து 19 வரைக்கும் மெதுவா கருநீலத்துக்குக் கொண்டு போங்க. எந்தப் பக்கம் போனாலும் வெயிலை முடிவு பண்ணாம தண்ணியில கை வெக்காதீங்க, வெயில் மாறுனா தண்ணியை திரும்ப முதல்ல இருந்து பாக்கணும்.