அஃபிலியேட் வருமானம்: ஆஃபர் குரூப்பா, ஸ்பிரேயர் வீடியோவா, நாச்சியார்கோவில் விளக்கா?

நாம் போடும் லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் நமக்குக் கிடைக்கும் கமிஷன்தான் அஃபிலியேட் வருமானம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்தே சம்பாதிக்க நினைக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "லிங்க் போட்டு மாசம் பத்தாயிரம் நிலையா வருமாண்ணே?" வரும். ஆனால் எந்த வழியில் இறங்குகிறோம் என்று பார்த்து இறங்க வேண்டும்.

பலரும் முதலில் தொடங்குவது தள்ளுபடிப் பொருள்களின் லிங்க்கைப் போடும் டெலிகிராம் ஆஃபர் குரூப். முதலீடு தேவையில்லை, போன் போதும். சிக்கல் கணக்கில் இருக்கிறது. அமேசானில் உங்கள் லிங்கைத் தட்டியவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் கமிஷன். அதற்குள் கார்ட்டில் போட்டுவைத்த பொருளுக்கு மட்டும் கெடு நீளும். நடுவில் இன்னொருவர் லிங்கைத் தட்டிவிட்டால் காசு அவருக்குப் போய்விடும். பத்து குரூப்பில் இருப்பவர் கடைசியில் யார் லிங்கில் வாங்குவார் என்று யார் கண்டது? போதாக்குறைக்கு, ஆள் அதிகம் தேடும் செல்போனுக்குத்தான் கமிஷன் விகிதம் மிகக் குறைவு. தீபாவளிக்குக் கொட்டும், மார்கழியில் காயும்.

இன்னொரு கூட்டம், பணம் கட்டி ஒரு கோர்ஸில் சேர்ந்து, அதே கோர்ஸை அடுத்தவர் தலையில் கட்டச் சொல்லும். கமிஷன் பாதிக்கு மேல்கூட இருக்கும். அது ஆள் பிடிக்கும் வேலை, ஒப்பீட்டுக்கே லாயக்கில்லை.

ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு அலசுவது வேறு ரகம். முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி. பூச்சி தெரிந்ததும் ஆள் யூடியூபில் தேடுவார். நேற்றைய ஆஃபர் இன்று செத்தது; ஸ்பிரேயர் வீடியோ அடுத்த போகத்திலும் ஓடும். 16 லிட்டர் டேங்க் நிரம்பினால் 20 கிலோ தாண்டுகிறது, சேற்றில் நடப்பவருக்குத் தோள்பட்டை வார் எங்கே அறுக்கிறது, 8 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி எத்தனை டேங்க் தாங்குகிறது, நாசிலும் வாஷரும் நம்மூர்க் கடையில் கிடைக்குமா: இதையெல்லாம் வயலில் இறங்கிக் காட்டுபவர் சொன்னால் ஜனம் நம்பும்.

இங்கே நேர்மை என்பது கணக்கும்தான். ரிட்டர்ன் வந்த பொருளுக்குக் கமிஷன் கிடையாது. "அரை மா காய்கறிக்கு இது வேண்டாம், கைப்பம்பே போதும்" என்று சொன்னால் அந்த விற்பனை போகும், ரிட்டர்னும் குறையும். வரி நீங்கலாக 3,000 ரூபாய், கமிஷன் 5% என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 150. பத்தாயிரத்துக்கு 67 ஸ்பிரேயர் ரிட்டர்ன் ஆகாமல் நிற்க வேண்டும். ஒரு வீடியோவால் ஆகிற காரியமில்லை. களையெடுக்கும் பவர் வீடர், மோட்டார் ஸ்டார்ட்டர் என்று பக்கத்துப் பொருள்களும் சேர வேண்டும்.

எனக்குப் பிடித்தது நான்காவது வழி: கம்பெனி லிங்க்கே இல்லாமல் பட்டறையோடு நேரடிப் பேச்சு. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. அடிபாகம், தண்டு, எண்ணெய் ஊற்றும் தகழி, மேலே அன்னம் வைத்த பிரபை என்று தனித்தனியே வார்த்து, மரை போட்டுப் பூட்டுவார்கள். அந்த மரை இறுகுவதைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே வெளியூர்க்காரர் விலை கேட்பார். 8,000 ரூபாய் விளக்குக்கு 10% பேசினால் 800. மாதம் 13 விளக்கு போதும்.

தொல்லையும் உண்டு. உங்கள் வீடியோ பார்த்தவர் நேரே கடைக்குப் போய் வாங்கினால் கணக்கில் ஏறாது. இது விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்ட நிலம் மாதிரி, களத்தில் நிற்காதவருக்குப் பங்கு குறையும். கூரியரில் நசுங்கினால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.

எந்த வழியானாலும் "இதில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்" என்று வீடியோ ஆரம்பத்திலேயே தமிழில் சொல்லிவிடுங்கள். செல்வாக்காளர்கள் (இன்ஃப்ளூயன்சர்கள்) இதை மறைக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இப்போது தொடங்குபவர் குறுவைக்கு ஸ்பிரேயரில் கை வைக்கலாம். ஆவணி பிறந்ததும், கார்த்திகைக்கு முன்னால், விளக்குப் பக்கம் திரும்பலாம். பட்டறைக்காரரிடம் கமிஷன் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் தருவார், உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முதல் ஆர்டருக்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.