பெயின்ட்பால் மார்க்கரை ட்ரிகர் வேலைக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் ஆட்டோகாக்கர் (காற்றழுத்தத்தில் பெயின்ட் குண்டு சுடும் மார்க்கர், அதாவது பெயின்ட்பால் விளையாட்டுத் துப்பாக்கியில் ஒரு வகை) வைத்திருக்கும் நண்பர்களுக்காக எழுதுகிறேன். வேளச்சேரிப் பக்கம் ஏர்கன் சர்வீஸ் செய்யும் ஒருவர், "இழுப்பு நீளமா இருக்கு சார், பாதியா குறைச்சுத் தர்றேன்" என்று என்னிடம் 4,500 ரூபாய் வாங்கினார். ட்ரிகர் லேசாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் ஈ.சி.ஆர். மைதானத்தில் சுட ஆரம்பித்ததுமே உள்ளே பெயின்ட் குண்டு உடைந்து, குண்டு விழும் குழாய் வழியாகக் காற்று பீறிட்டது.

இந்த மார்க்கரில் ஒரே இழுப்பில் இரண்டு வேலை நடக்க வேண்டும். முதலில், ஹேமரை (காற்று வால்வை அடித்துத் திறக்கும் சுத்தியல்) பிடித்திருக்கும் சியர் என்ற கொக்கி அதை விடுவிக்கும், குண்டு போகும். அதற்கு அப்புறம்தான் ட்ரிகரோடு இணைந்த டைமிங் ராட் என்ற கம்பி, காற்றைத் திருப்பிவிடும் த்ரீ-வே வால்வை நகர்த்தி, பின்பக்கக் கட்டையான பேக் பிளாக்கையும், குண்டை பேரலுக்குள் தள்ளும் போல்ட்டையும் பின்னால் தள்ள வேண்டும். இவர் இழுப்பைக் குறைக்கிற அவசரத்தில் இந்த வரிசையையே கெடுத்துவிட்டார். சுடும்போதே போல்ட் திறந்தால் காற்று மேலேதான் போகும்.

பிரித்துப் பார்த்தால் சியர் முனையை அரத்தால் ராவி வைத்திருக்கிறார். இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. முனை தேய்ந்த சியரால் ஹேமரைப் பிடித்து வைக்க முடியாது. கீழே வைக்கும்போது தட்டினாலே சுட்டுவிடும். பக்கத்தில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு யாராவது உட்கார்ந்திருந்தால்?

இன்னொன்றும் செய்திருக்கிறார். காற்று கசிந்து வேகம் குறைந்ததை மறைக்க, காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை ஏற்றிவிட்டார். எங்கள் டீம் அண்ணன் ஒருவர் தன்னிடமிருந்த சியரைப் போட்டு டைமிங்கைச் சரிசெய்ததும், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் நொடிக்கு 340 அடி காட்டியது. பெரும்பாலான மைதானங்களில் 300 அடிக்கு மேல் அனுமதியே கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ட்ரிகர் நல்லாத்தானே இருக்கு சார்" என்பதோடு சரி. இப்போது போனே எடுப்பதில்லை.

வேலைக்குக் கொடுத்தால், அங்கேயே சோதித்து வாங்குங்கள். குண்டு போடாமல், பேரலுக்கு உறை மாட்டி, முகக்கவசத்தோடு காற்றை இணையுங்கள். ட்ரிகரை மிக மெதுவாக இழுங்கள். முதலில் சத்தம், பிறகு பேக் பிளாக் அசைவு. கடைசிவரை இழுத்தால் அது முழுவதும் பின்னால் போக வேண்டும். ட்ரிகரை விட்டபின் உள்ளங்கையால் மார்க்கரைத் தட்டுங்கள். தானாகச் சுட்டால் வாங்காதீர்கள். கடையில் குரோனோகிராஃப் இல்லையென்றால், மைதானத்தில் அளந்து பார்த்த பிறகுதான் மீதிப் பணம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.