அடாப்டர் போட்டால் எங்கேயும் ஓடும் என்றார்கள், 8,400 ரூபாய் போச்சு

இன்று காலை வேலூரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் சண்டை போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறேன். காட்பாடிப் பக்கம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் நிறைய இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மகள் கனடாவில், வின்னிபெக்கில் இருக்கிறாள். ஜனவரியில் மைனஸ் 30 வரை போகிற ஊர். வாடகை வீட்டில் சமையலறைக் குழாய் வெளிச்சுவரை ஒட்டி ஓடுகிறது. அது உறையாமல் இருக்க, மேலே சுற்றுகிற ஹீட்டிங் கேபிள் வாங்க வேண்டும் என்றாள். நவம்பரில் வரும்போது பருப்புப்பொடியோடு நானே கொண்டுவருகிறேன் என்றேன்.

கடைக்காரர் கேபிளைச் சொருகி, "தொட்டுப் பாருங்கம்மா" என்றார். ஐந்து நிமிஷத்தில் உள்ளங்கை சுட்டது. "கனடாவில் ஓடுமா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டேன். "அடாப்டர் போட்டா எங்கேயும் ஓடும்மா. நம்ம ஊர் மிலிட்டரி பசங்க லடாக்குக்கே இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க." என் அண்ணன் லடாக்கில் வேலை பார்த்தவர். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். பில் போட்டால் 18 சதவீதம் ஏறும் என்று துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். 8,400 ரூபாயை ரொக்கமாக எண்ணி வைத்தேன்.

லடாக்கிலும் நம்மைப்போல 230 வோல்ட். கனடா வீட்டு பிளக்கில் 120தான். அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. பாதி வோல்டேஜில் இந்தக் கம்பிக்குக் கால்வாசிச் சூடுதான் வருமாம். குழாய் உடைந்த பிறகு மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்கே தெரியும். கேபிளைச் சுற்றியிருந்தும் ஒரு நாள் விடிகாலையில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும். அந்த அழுத்தத்தில் குழாய் பிளந்திருக்கிறது. மதியம் இளகியதும் சுவருக்குள்ளிருந்து கொட்டியது பாருங்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு!

அங்கிருந்து கடைக்குப் போன் செய்தால், "கம்பெனிக்குச் சொல்றேன்." அப்புறம், "ஓனர் திருப்பதி போயிருக்கார்." இன்று நேரில் நின்றால், "கனடான்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா." இரண்டு தடவை கேட்டேனே! புகார் கொடுக்கலாம் என்றால் 8,400 ரூபாய்க்குக் கையில் பில் இல்லை.

கேபிளை அந்தந்த நாட்டிலேயே வாங்கச் சொல்லுங்கள். கடுங்குளிர் இரவில் குழாயை லேசாகச் சொட்ட விடணும், சிங்க்குக்குக் கீழே அலமாரிக் கதவைத் திறந்து வைக்கணும். உறைந்துவிட்டால் நெருப்பு காட்டவே கூடாது. மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வைக்கச் சொல்லுங்கள், என் மகள் அதைத் தேடியே அரைமணி நேரம் போனது.