அல்பராசின் ஊர் நடை: வழிகாட்டியோடு போவதே நல்லது

ஸ்பெயினின் தெருவெல் மாகாணத்தில், சுமார் ஆயிரம் பேர் வாழும் மலையூர் அல்பராசின். ஊரைச் சுற்றிக் காட்டும் நடைக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்டால், தயங்காமல் கொடுங்கள் என்பேன். இளஞ்சிவப்பு வீடுகளைப் படம் எடுக்க வழிகாட்டி தேவையில்லை. ஆனால் அந்த ஊர் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் தனியாகச் சுற்றிப் புரிந்துகொள்வது கடினம்.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்மணி. அரசர் கதைக்குப் போகுமுன், சதுக்கத்தின் விளிம்பில் நிறுத்தி ஆற்றைப் பார்க்கச் சொன்னார். கீழே குவாதலவியார். தெருவெலில் அல்ஃபம்ப்ரா வந்து கலந்த பிறகு துரியா என்ற பெயரோடு வலென்சியாவை அடையும் ஆறு. இங்கே அது பாறையைச் செங்குத்தாக அறுத்துக்கொண்டு ஊரை வளைத்து ஓடுகிறது. ஆற்றின் காவல் இல்லாத பக்கம் மேலே உள்ள சரிவுதான். அந்தச் சரிவு பகைவன் கையில் இருந்தால் ஊர் அவன் காலடியில். அதனால்தான் வீடே இல்லாத மலைமேல் ஆந்தாதோர் கோபுரம் வரை மதில் ஏறிப் போகிறது. அதுவரை அந்த மதிலை வெறும் அழகாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரலாற்றுப் பகுதியும் அதே தெளிவோடு இருந்தது. ஸ்பெயினின் பெரும்பகுதியை ஆண்ட முஸ்லிம் பேரரசான கோர்தோபா கலீபகம் சிதறியபின், 11ஆம் நூற்றாண்டில் பனூ ரசீன் என்னும் வட ஆப்பிரிக்க பெர்பர் குடும்பம் இங்கே தனியரசு நடத்தியது. 1170 வாக்கில் ஊர் நவார்ராவைச் சேர்ந்த பேத்ரோ ரூயிஸ் தே அசாக்ராவின் கைக்கு வந்தது. ஒரு பக்கம் காஸ்தீல் அரசு, மறுபக்கம் அரகோன் அரசு. இரண்டு அரசர்களுக்கும் பணியாமல், தான் புனித மரியாளுக்கு மட்டுமே அடியான் என்று அறிவித்துக்கொண்டார் அவர். அரகோனின் மூன்றாம் பேத்ரோ 1284இல் முற்றுகையிட்டுப் பிடிக்கும்வரை அந்தத் தன்னாட்சி நீடித்தது. ஆற்றையும் மதிலையும் பார்த்த பிறகு கேட்டதால், இவ்வளவு சிறிய ஊருக்கு அவ்வளவு துணிவு எப்படி வந்தது என்பதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சுவர்களைப் பற்றிய பேச்சு. இரும்புச் சத்துள்ள உள்ளூர் ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்த சாந்துதான் அந்தச் சிவப்பு. மரச்சட்டங்களுக்கு இடையே அதைப் பூசி எழுப்பிய மாடிகள் தெருவின்மேல் நீண்டு, எதிரெதிர்க் கூரைகள் ஏறக்குறைய உரசுகின்றன. மோலினா வாயிலருகே கோணலாக நிற்கும் ஹூலியானேத்தா வீட்டின் முன் நெடுநேரம் நின்றோம். 1961இல் ஊர் முழுவதும் தேசிய நினைவுச்சின்னமானது. இன்று சாந்தா மரியா அறக்கட்டளை பழைய கட்டடங்களைச் சீரமைத்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருகிறது. தன் ஊர் இடிந்து போகவில்லை என்ற பெருமை வழிகாட்டியின் குரலில் தெரிந்தது. அது நியாயமான பெருமை.

குறையும் உண்டு. பேராலயத்தைக் கடைசியில் அவசரமாக முடித்தார்கள். பேராலயத்தின், பிரஸ்ஸல்ஸில் நெய்த சித்திரத் திரைச்சீலைகளுக்கு நேரமே கிடைக்கவில்லை. மலையூரின் செல்வத்துக்குக் காரணமான ஆட்டுக் கம்பளியைப் பற்றி ஒரே வாக்கியம்தான். இன்னும் கேட்க ஆசையாக இருந்தது.

மதில் ஏற்றம் இந்த நடையில் சேராது; நல்ல காலணியோடு காலையில் தனியே ஏறுங்கள். ரோதேனோ பைன் காட்டின் சிவப்பு மணற்பாறைகளில் உள்ள பழங்கால ஓவியங்களுக்கு, 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை, இன்னொரு அரை நாளை ஒதுக்குங்கள்.