சிரட்டைக்கரி அயன் பெட்டியும் மண்ணெண்ணெய் அயன் பெட்டியும்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

கரண்ட் இல்லாமல் வேலை செய்யும் அயன் பெட்டி என்றால் இப்போது பலருக்கும் ஞாபகம் வருவது ஷோகேஸில் மினுக்கி வைத்த பித்தளைச் சாமான்தான். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு இருக்கின்றன, இரண்டும் பாவனைக்குத்தான். ஒன்று அம்மம்மாவின் சிரட்டைக்கரிப் பெட்டி. மூடியைப் பூட்டும் கொளுக்கியில் சேவல் தலை வைத்த பித்தளைப் பெட்டி. மற்றது மலைநாட்டில் தோட்டக் கந்தோரில் வேலை பார்த்த பெரியப்பா கொண்டுவந்த டில்லி மண்ணெண்ணெய்ப் பெட்டி. டில்லி என்றதும் இந்தியாவை நினைக்க வேண்டாம், அது பெற்றோமக்ஸ் மாதிரி விளக்குகள் செய்த ஓர் இங்கிலாந்துக் கம்பனி.

வீடு மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு கரண்டை நம்பி இருக்க முடியாத காலத்தில், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் இருந்து கலியாண வேட்டி வரைக்கும் இந்த இரண்டிலும்தான் அயன் பண்ணினோம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினபோது இரண்டையும் பரணில் இருந்து இறக்கினோம். கோயில் திருவிழா வந்தால் கஞ்சி போட்ட வேட்டிக்கு இப்போதும் கரிப் பெட்டிதான்.

அயன் பண்ணும் வேலையை மட்டும் பார்த்தால் மண்ணெண்ணெய்ப் பெட்டி கெட்டிக்காரப் பெட்டி. ஆனாலும் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் கரிப் பெட்டியை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுவேன். ஏன் என்பது எரிபொருளைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

முதலில் கரிப் பெட்டி. பார்க்க ஒரு சின்னக் கப்பல்தான். அடியில் தடித்த தட்டு, அதற்கு மேலே தணல் போடும் குழி, இரண்டு பக்கமும் காற்று போக ஓட்டைகள், பின்னால் கீல் வைத்த மூடி, அதன் மேலே மரக் கைபிடி. கைபிடிக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கும். சூடு கைக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். பழைய பெட்டி வாங்குகிறவர்கள் அந்தத் தகடு கழன்று போயிருப்பதைக் கவனிப்பதே இல்லை. அது இல்லாத பெட்டியைக் கொஞ்ச நேரம் பிடித்தாலே கை வெந்துவிடும்.

கரி என்றால் எந்தக் கரியும் சரிவராது. விறகு அடுப்பில் மிஞ்சின தணலை அள்ளிப் போட்டும் அவசரத்துக்கு அயன் பண்ணியிருக்கிறோம். ஆனால் விறகுத் தணல் படபடவென்று பொறி விடும், சாம்பலும் கூட. சிரட்டைக்கரி அடர்த்தியானது, சாம்பல் குறைவு, பொறி விடாது, ஒரே சீராக நெடுநேரம் கனன்றுகொண்டே இருக்கும். தென்னை நிற்கும் வளவு உள்ளவர்களுக்கு இதற்குக் காசு செலவே இல்லை. காய்ந்த சிரட்டையை ஒரு கிடங்கில் போட்டு நெருப்பு வைத்து, புகை குறைந்து சிவந்து வரும்போது தகரம் போட்டு மூடி, ஓரமெல்லாம் மண் இழுத்துவிட வேண்டும். காற்று போகாவிட்டால் எரிந்து சாம்பலாகாமல் கரியாகவே நிற்கும். மறுநாள் எடுத்துப் புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிய துண்டுகளாக உடைத்து ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்தால் சரி. பெரிய துண்டு போட்டால் மூடி சரியாகப் பூட்டாது, தூளாகப் போட்டால் காற்று போகாமல் அணைந்துவிடும்.

பத்த வைப்பதை வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டும். இதில் அம்மம்மா கண்டிப்பு. “உள்ளுக்கு வெச்சு ஊதாத மனே, வெளிய கொண்டு போ” என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறா. அவ சொன்னது புகைக்காக. உண்மையில் புகையை விட மோசமானது புகை அடங்கின பிறகும் வருகிற காபன் மொனொக்சைட். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடின அறைக்குள் கரிப் பெட்டியோடு நெடுநேரம் நின்றால் தலையிடி, தலைச்சுற்று என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். யன்னலும் கதவும் திறந்திருக்க வேண்டும். குளிரூட்டி போட்ட அறையில் இந்த விளையாட்டு வேண்டாம்.

சூட்டைக் கூட்டிக் குறைக்க இந்தப் பெட்டியில் சுவிட்ச் கிடையாது. அதனால் பெட்டியின் சூட்டுக்கு ஏற்ற மாதிரி உடுப்பை அடுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தணல் நன்றாகச் சிவந்திருக்கும்போது கஞ்சி போட்ட பருத்தி, வேட்டி, மருதமுனைக் கைத்தறிச் சாரன். கொஞ்சம் தணிந்த பிறகு பள்ளிச் சட்டை. பட்டும் பொலியெஸ்டரும் கடைசியில், அதுவும் மேலே ஒரு பழைய பருத்தித் துணியை விரித்துக்கொண்டு. சூடு பார்க்க விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் போதும். சொட்டு சீறிக்கொண்டே அந்த இடத்தில் காய்ந்தால் சூடு மட்டு. உருண்டு துள்ளி ஓடினால் ஏறக்குறைய 200 பாகை வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அளவு சூட்டில் சொட்டுக்கு அடியில் நீராவி ஒரு படையாக நின்று சொட்டைத் தூக்கிவிடுகிறது, அதனால்தான் ஓட்டம். பருத்திக்கு வேண்டிய சூடும் கிட்டத்தட்ட அதுதான். தெர்மோஸ்டாற் இல்லாத காலத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

மட்டக்களப்பில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, காற்று. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் யன்னலோரம் மேசை போட்டால், ஓட்டை உள்ள பக்கம் காற்றைப் பார்த்ததும் தணல் குப்பென்று சிவக்கும். வேட்டிக்கு நல்லது, சேலைக்கு ஆபத்து. சூடு வேண்டுமென்றால் பெட்டியின் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டு, வேண்டாமென்றால் மூக்கைக் காட்டு. இதைத் தெரிந்தவர்கள் ஊதுவதே இல்லை. ஊதினால் சாம்பல்தான் பறக்கும். மாரியில் நிலைமை தலைகீழ், கரி ஈரம் இழுத்துப் பத்தவே மாட்டேன் என்று நிற்கும். அந்த நாட்களில் டின்னை அடுப்பங்கரையில் வைத்துக்கொள்வோம்.

சாம்பல்தான் இந்தப் பெட்டியின் பெரிய குறை. வெள்ளைச் சட்டையின் தோளில் ஒரு கரும்பொட்டு விழுந்தால் திரும்பத் துவைக்க வேண்டியதுதான். கையால் தட்டினால் பரவும், வாயால் ஊதித்தான் போக்க வேண்டும். பெட்டியை வீசி ஆட்டாமல், சரிக்காமல், மட்டமாகத் தூக்கி மட்டமாக வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அயன் பண்ணத் தொடங்கும் முன்பும் இடையிடையேயும் வாழையிலையில் இரண்டு இழுப்பு இழுப்போம். இலையில் உள்ள மெழுகு அடித்தட்டில் ஏறி அழுக்கும் போகும், பெட்டியும் வழுக்கிக்கொண்டு ஓடும். இன்றைய நொன்ஸ்டிக் தட்டுக்கு இது தேவையில்லை. ஆனால் வாழையிலை சுடும் அந்த மணத்துக்காகவே நான் கொஞ்சம் கூடுதலாக இழுப்பதுண்டு.

பாரத்தைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது நல்ல குணம். கஞ்சி ஏறின வேட்டிக் கரையில் கரண்ட் பெட்டியை அழுத்திப் பிடித்துத் தோள் நோக வேண்டும். இதில் பெட்டியே அழுத்திக்கொள்கிறது, நாம் வழி காட்டினால் போதும். தட்டு தடிப்பு என்பதால் சூடு சட்டென்று இறங்குவதும் இல்லை.

இனி மண்ணெண்ணெய்ப் பெட்டி. பெற்றோமக்ஸ் கொளுத்திப் பழகினவர்களுக்கு விளங்கப்படுத்தவே தேவையில்லை, அதே வித்தைதான். ஒரு சின்னத் தாங்கி, அதற்குள் பம்பினால் காற்றடிக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் எண்ணெய் ஒரு குழாய் வழியாக ஏறும். குழாய் சூடாக இருந்தால் எண்ணெய் ஆவியாகி, ஊசி முனையளவு துவாரத்தால் சீறி வந்து, காற்றோடு கலந்து பெட்டிக்குள் நீலச் சுவாலையாக எரியும். முதலில் அந்தக் குழாயை ஸ்பிரிட் எரித்துச் சூடாக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரப்பட்டால் ஆவிக்குப் பதில் எண்ணெயே வரும். மஞ்சள் சுவாலை எழும்பி, கரி படிந்து, வீடு முழுக்க நாறும். பெரியப்பா இதைக் கொளுத்தும்போது பிள்ளைகள் எல்லோரும் முற்றத்துக்குப் போய்விட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

சரியாகப் பிடித்துவிட்டால் என்ன ஒரு சுகம்! சாம்பல் இல்லை, பொறி இல்லை, கரிப் பெட்டியை விடப் பாரம் குறைவு. வால்வைத் திருப்பினால் சூடு கூடும் குறையும். தணல் தணிகிறதே என்ற அவசரம் இல்லாமல் ஒரு கூடை உடுப்பை ஒரே மூச்சில் முடிக்கலாம்.

இந்த வகைப் பெட்டிகளை உலகமெங்கும் பேர்பெற வைத்தது அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரின் கோல்மன் கம்பனி. 1930 களில் அவர்கள் விற்ற நீல எனாமல் பெட்டியை இன்றும் சேகரிப்பவர்கள் தேடித் திரிகிறார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் கரண்ட் இருந்தது. எனக்கு வியப்பான விஷயம் இதுதான்: நியூயோர்க்கில் ஹென்றி சீலி மின்சார அயன் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1882 இல். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு கழித்தும் எண்ணெய்ப் பெட்டியைத் திருத்தித் திருத்திச் செய்துகொண்டிருந்தார்கள், சனத்தின் வீட்டுக்குக் கம்பி வரவில்லையே! மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் நம்முடைய படுவான்கரைக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். அங்கே பல ஊர்களுக்குச் சண்டை ஓய்ந்த பிறகுதான் கரண்ட் வந்தது.

ஒரு எச்சரிக்கை. கோல்மன் பெட்டிக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய் அல்ல, எதுவும் கலக்காத ஒரு வகைப் பெற்றோல். யாராவது வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து தந்தால் இங்கே ஷெட்டில் வாங்கும் பெற்றோலை அதில் ஊற்றிப் பரீட்சை பார்க்க வேண்டாம். அந்தப் பெற்றோலில் சேர்த்திருக்கும் சாமான்கள் ஆவிக் குழாயை அடைக்கும், பெற்றோல் ஆவி தீப்பிடிக்க ஒரு பொறியும் போதும்.

சரி, இவ்வளவு நல்ல பெட்டியை ஏன் இரண்டாம் இடத்தில் வைத்தேன்? எண்ணெய். சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைத்தால் அது குப்பி விளக்குக்குத்தான் முதலில் போகும், பிள்ளைகள் படிக்க வேண்டும். உடுப்புக்கு மிஞ்சாது. 2022 இலும் அதே கதை. எண்ணெய்க்கு வரிசை, அந்த வரிசையில் மீன்பிடிக்குப் போகிறவர்கள் நிற்கும்போது சட்டை மடிப்புக்காக நான் கலனோடு போய் நிற்க மனம் வரவில்லை. அந்த ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. கரண்ட் இல்லாதபோது உதவ வேண்டிய பெட்டி, கரண்ட் இல்லாத அதே நாட்களில்தான் எண்ணெய் இல்லாமல் கிடந்தது. சிரட்டைக்கு யாரும் வரிசையில் நிற்கவில்லை. அத்தோடு பம்பின் தோல் வாஷர், துவாரம் குத்தும் ஊசி என்று உதிரிகளும் வேண்டும். பெற்றோமக்ஸ் திருத்துகிறவர் இருந்த காலத்தில் தோலை அளவுக்கு வெட்டிப் போட்டுத் தருவார். இப்போது அந்த வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கரிப் பெட்டியில் பழுதாக என்ன இருக்கிறது? கீல் ஆணி ஒன்று. அதற்கு ஒரு கம்பித் துண்டு போதும்.

அடுப்பில் வைத்துச் சுட்டெடுக்கும் இரும்புப் பெட்டிகளை நான் பாவித்ததில்லை. ஒன்று ஆறும்போது மற்றது அடுப்பில் இருக்க வேண்டும், கைபிடியும் சேர்ந்து சுடும். அதற்காகத்தான் அமெரிக்காவில் மேரி பொட்ஸ் என்ற பெண் 1871 இல் கழற்றி மாட்டும் மரக் கைபிடிக்குக் காப்புரிமை எடுத்தா. தினமும் அயன் பண்ணிக் கை சுட்டவருக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும் என்று எனக்குத் தோன்றும்.

தினசரி வேலைக்கு நானும் கரண்ட் பெட்டிதான் பாவிக்கிறேன். 1000 வாட் பெட்டி ஒரு மணித்தியாலம் முழுக்க எரிந்தாலும் ஒரு யூனிட்தான், அந்த வசதிக்கு முன்னால் கரி உடைத்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? ஆனால் பரணில் ஒன்று இருக்கட்டும் என்று நினைக்கிறவர்களுக்காகச் சில விஷயம். கரிப் பெட்டி வாங்கும்போது பொலிஷைப் பார்க்காமல் தூக்கிப் பாருங்கள். அலங்காரத்துக்கென்று இப்போது செய்கிற பித்தளைப் பெட்டிகள் பல பாரமே இல்லாமல் இருக்கும், அடித்தட்டு மெல்லியது, ஒரு சட்டைக்குள் சூடு போய்விடும். தட்டை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள், தளம்பினால் விட்டுவிடலாம். மூடி இறுகப் பூட்ட வேண்டும், கைபிடிக்குக் கீழே நான் சொன்ன தகடு இருக்க வேண்டும். கறுத்திருந்தால் பரவாயில்லை, பழப்புளி போட்டுத் தேய்த்தால் ஒரு பின்னேரத்தில் பளபளத்துவிடும். மண்ணெண்ணெய்ப் பெட்டியை யாராவது சும்மா தந்தாலும், எண்ணெய் ஊற்றாமல் தாங்கிக்குக் காற்றடித்து, மூட்டுகளில் எல்லாம் சவர்க்கார நுரை பூசி, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே நெருப்புப்பெட்டியைக் கையில் எடுங்கள்.