கோட்டைக்கு நூறு மீட்டருக்குள் பழைய வீடு: சுண்ணாம்பா, சிமெண்டா?

நாமக்கல் மலைக்கோட்டையை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களுக்கு என்றைக்காவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். முன்பக்கச் சுவர் பொரிகிறது, தாழ்வாரத்து ஓடு சரிகிறது, பேசாமல் எல்லாவற்றையும் தட்டிக் கொட்டிவிட்டு சிமெண்ட் பூசி எமல்சன் அடித்துவிடலாமா, இல்லை தாத்தா காலத்தில் இருந்தபடியே சுண்ணாம்பில் போகலாமா என்று. நடுவில் திறந்த முற்றம் வைத்த எங்கள் தொட்டிக்கட்டு வீட்டில் போன வருடம் இந்த வேலை நடந்தது. நாங்கள் சுண்ணாம்புப் பக்கம் போனோம், அதனால் நான் நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் சட்டம், ஏனென்றால் அது தெரியாமல் கொத்தனாரைக் கூப்பிடக் கூடாது. கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆகவே 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமும் 2010இல் அதில் வந்த திருத்தமும் நமக்குப் பொருந்தும். பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் நூறு மீட்டருக்குள் தனியார் யாரும் புதிதாக எதையும் கட்ட முடியாது. ஆனால் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடாக இருந்தால் அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம். அடுத்த இருநூறு மீட்டரில் புதுக்கட்டுமானம், இடித்துக் கட்டுவது எல்லாவற்றுக்குமே விண்ணப்பிக்கலாம். கேட்காமல் கட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு: இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சங்ககிரிக் கோட்டை அடிவாரத்தில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

இதில் நன்றாகக் கவனிக்க வேண்டியது பழுது பார்ப்பதற்கும் இடித்துக் கட்டுவதற்கும் சட்டம் வைத்திருக்கும் வித்தியாசம். இருக்கிற கட்டடத்தில் செய்யும் மாற்றம் பழுது பார்ப்பு. அதே நீள அகலத்துக்கும் உயரத்துக்கும் திரும்ப எழுப்பினால் மறுகட்டுமானம். நூறு மீட்டருக்குள் முதலாவதற்குத்தான் வழி உண்டு. பூச்சு எதில் என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சின்னத்துக்கும் வகுக்கும் துணைவிதிகளில் முகப்பும் வெளித்தோற்றமும் அடங்கும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே திண்ணையை எடுத்துவிட்டு ஷட்டர் வைப்பது, தூணை மறைத்துச் சுவர் எழுப்புவது போன்ற யோசனைகளைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

சரி, சுண்ணாம்பா சிமெண்டா. எல்லோரும் சொல்வதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புச் சுவர் குளுமை, சிமெண்ட் வேலை வேகம். சிமெண்டுக்கு ஆள் எங்கும் கிடைப்பார்கள், சுண்ணாம்புக்குத் தேட வேண்டும். செலவு? எங்களுக்குப் பூச்சு வேலை மட்டும் சிமெண்டுக்குக் கேட்ட தொகையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேலேயே வந்தது. வண்ணம் எதிலும் அடிக்கலாம், லாரி பாடி கட்டும் ஊரில் வண்ணத்துக்கா குறைச்சல்.

எனக்கு முடிவை எடுத்துக் கொடுத்தது பராமரிப்புதான். விலை கேட்க வந்த முதல் கொத்தனார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏனுங்க, சிமெண்ட் பூசிட்டா பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டியதில்லீங்க. சுண்ணாம்புன்னா வருசா வருசம் தொட்டுக்கிட்டே இருக்கோணும்." அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தப் பத்து வருடம் கழித்து என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

எங்கள் வீதியில் இருக்கிற பழைய வீடுகளுக்கு அஸ்திவாரம் கருங்கல், சுவர் செங்கல்லை மண்சாந்தில் வைத்துக் கட்டியது. அடியில் ஈரத்தைத் தடுக்கும் பட்டை எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஓதம் இரண்டடி மூன்றடி ஏறத்தான் செய்யும், அதை எந்தப் பூச்சும் நிறுத்தாது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு, ஏறிய ஈரம் அதன் வழியாக வெளியே காய்ந்துவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைக்கிறது, அதன் மேல் எமல்சனும் ஏறினால் இன்னும் இறுக்கம். ஈரத்துக்கு வெளியே வழியில்லை என்றால் மேலே ஏறும், இல்லாவிட்டால் உள்பக்கம் ஆசாரத்து, அதாவது கூடத்துச் சுவரில் வந்து நிற்கும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துத் தள்ளும். எங்கள் மாமா வீடு நாலு வீடு தள்ளி இருக்கிறது, சிமெண்ட் பூசியது. தெருப்பக்கம் இடுப்பு உயரத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கும். கீழே விரலால் தட்டிப் பார்த்தால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம். ஒரு மூலையில் பெயர்ந்த பூச்சுத் துண்டைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் செங்கல்லின் மேல்தோல் அரை விரற்கடை கனத்துக்கு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. உள்ளே இருந்த கல் மாவாக உதிர்கிறது. சிமெண்ட் செங்கல்லைவிடக் கெட்டி, பிரியும்போது செங்கல்லையும் கூட்டிக்கொண்டுதான் வரும். சுண்ணாம்பு விழுந்தால் சுண்ணாம்பு மட்டும் விழும், கல் அப்படியே நிற்கும்.

இதை நூறு மீட்டர் விதியோடு சேர்த்துப் பாருங்கள். ஊருக்குள் வேறு எங்காவது இருந்தால் சுவர் கெட்டுப்போனால் அந்தச் சுவரை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பிவிடலாம். இங்கே அந்த வசதி இல்லை. இருக்கிற சுவர் இருக்கிறவரைக்கும்தான் நம்மிடம் பழுது பார்க்கும் உரிமை இருக்கிறது, அது போய்விட்டால் பேச்சு மறுகட்டுமானத்துக்குப் போய்விடும், அதற்கு இந்த இடத்தில் வழியில்லை. ஆகவே சுவரைத் தின்கிற பூச்சை இங்கே பூசுவது வீட்டையே பணயம் வைப்பது. வருடா வருடம் தொடுகிற வேலை என்று கொத்தனார் குறையாகச் சொன்னதை நான் சௌகரியமாகத்தான் பார்க்கிறேன். பொங்கல் நோம்பிக்கு முன்னால் ஒரு கை வெள்ளை, மழை முடிந்ததும் விரிசலுக்குக் கொஞ்சம் சாந்து. சிமெண்டில் பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே அடியாக மொத்தச் சுவரையும் உரிக்க வேண்டி வரும், அன்றைக்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு.

வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பதம் பார்க்கிறார்கள். வெல்லம் நமக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்தே வந்துவிடும். செட்டிநாட்டுப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்ப்பார்கள். முட்டைக்கு நாமக்கல்லில் என்ன பஞ்சம், ஆனாலும் வெளிச்சுவருக்கு அவ்வளவு ஆடம்பரம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கனமாக ஒரே பூச்சு அடிக்கக் கூடாது, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, நடுவில் இடைவெளி விட்டு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறுகும், அதுவரை சாக்குப் படுதா தொங்கவிட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சித்திரை வெயிலில் பூசினால் வெடித்துவிடும், ஐப்பசி மழையில் பூசினால் கரைந்து ஓடும்.

அதனால் காலக் கணக்கு முக்கியம். விண்ணப்பம் கொடுத்த 15 நாளுக்குள் அனுமதி கொடுக்கும் அதிகாரி அதைத் தேசியத் தொல்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் இரண்டு மாதத்துக்குள் பரிந்துரை சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் அனுமதி உண்டா இல்லையா என்று பதில். சட்டத்தில் உள்ளபடியே நடந்தாலும் மூன்றரை மாதம். ஆடி கழிந்ததும் விண்ணப்பம் போட்டால் கார்த்திகைக் கடைசியில் மழை ஓயும்போது கையில் காகிதம் இருக்கும், மார்கழி, தை இரண்டும் சுண்ணாம்புக்கு அருமையான காலம். மார்கழியில் வேலை தொடங்கலாமா என்று அம்மா இழுத்தார். புதுசா கட்டலீங்கம்மா, பழுதுதான் பாக்கறோம், சட்டமே அப்படித்தான் சொல்லுது என்றதும் சரி என்றுவிட்டார்.

கூரையைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. உடைந்த ஓட்டை மாற்றி, உளுத்த சட்டத்தை எடுத்துவிட்டு வேறு மரம் கொடுத்தோம், அவ்வளவுதான். ஓட்டைக் கழற்றிவிட்டுத் தார்சு, அதாவது தட்டையான தளக் கூரை, போட ஆசைப்படுகிறவர்கள் வேலைக்கு முன்பே விண்ணப்பத்தில் அதைத் தெளிவாக எழுதிக் கேளுங்கள். பழுது என்று அனுமதி வாங்கிக்கொண்டு தார்சு போட்டால் வம்பு நிச்சயம்.

சிமெண்டுக்கு நியாயமான இடமும் உண்டு. எண்பதுகளில் சிமெண்ட் சாந்தில் கட்டின சுவர், கான்கிரீட் தூண் நிற்கிற வீடு என்றால் அதன் மேல் சுண்ணாம்பு பூசி என்ன ஆகப்போகிறது, அங்கே சிமெண்டே போதும். இருநூறு மீட்டர் பகுதியில் இருந்து, வீட்டை இடித்துக் கட்டவே அனுமதி கேட்கப் போகிறீர்கள் என்றாலும் என் வாதம் பாதி விழுந்துவிடும். வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களும் யோசிக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு முறை சுவரைப் பார்க்க ஆள் இல்லை என்றால் சுண்ணாம்பு கேவலமாகத் தெரியும். எங்கள் பூச்சு இதுவரை ஒரே ஒரு மழைக்காலத்தைத்தான் தாண்டியிருக்கிறது. தண்ணீர் தெறிக்கிற அடிப்பகுதியில் இரண்டு இடத்தில் லேசாக அரித்தது, சாந்து வைத்து அடைத்தோம். பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதற்கு நான் சாட்சி இல்லை, சுண்ணாம்பு மட்டுமே பார்த்த பக்கத்துத் தெருச் சுவர்கள்தான் சாட்சி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வீடு 1992க்கு முந்தையது என்று காட்டும் காகிதத்தை முதலில் தேடி வையுங்கள். எங்களுக்கு அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பழைய வீட்டு வரி ரசீதும் கிரயப் பத்திரமும் உதவின. வேலைக்கு முன்னால் நாலு பக்கமும் தேதியோடு போட்டோ எடுத்து, தூண், திண்ணை, சன்னல் அளவுகளையும் எழுதி வைத்துவிட்டால் நாளைக்கு யாராவது வந்து கூடுதலாகக் கட்டினீர்களா என்று கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.