எச்சரிக்கை: காடு என்று சொல்லிச் சவுக்குத் தோப்பில் இறக்கிவிட்ட ஜிப்லைன் பயணம்

புதுச்சேரியிலிருந்து ஒருநாள் ஜிப்லைன் பயணம், அதாவது உயரத்தில் கட்டிய கம்பிவடத்தில் தொங்கியபடி சறுக்கிச் செல்லும் சாகசப் பயணம், அழைத்துச் செல்வதாக விளம்பரம் செய்யும் ஒரு முகவரிடம் சென்ற மாதம் நாங்கள் நால்வரும் ஏமாந்தோம். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் கிளம்ப நினைப்பவர்களுக்காக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வெப்பமண்டலக் காட்டின் நடுவே எட்டுக் கம்பிவடங்கள், பயிற்சி பெற்ற வழிகாட்டி, மரங்களையும் பறவைகளையும் பற்றிய விளக்கம், மதிய உணவு, எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2,400 ரூபாய் என்று விளம்பரம் சொன்னது. பாசி தொங்கும் பெரிய மரங்களும், கிளையில் பெருத்த அலகுடன் உட்கார்ந்திருந்த ஒரு பறவையும் படத்தில் இருந்தன. அதை இருவாச்சி என்றே நினைத்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பறவைக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று ஒரு கணம் தோன்றியும் கேட்காமல் விட்டது என் தவறு. அது இருவாச்சியே அல்ல, டூக்கன் என்று என் மகள் பிறகு கண்டுபிடித்தாள். அப்பறவை மெக்சிகோவின் தென்பகுதி முதல் தென் அமெரிக்கா வரையுள்ள காடுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை. காட்டு ஜிப்லைன் பயணங்களுக்குப் பேர்போன கோஸ்டா ரிக்கா போன்ற ஏதோ ஒரு நாட்டின் படத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

கடலூரிலிருந்து விடியற்காலையில் பேருந்து ஏறிப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கினோம். வேறு இரு குடும்பங்களோடு எங்களையும் ஒரு வேனில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கொண்டுபோனார்கள். காலாப்பட்டைத் தாண்டிப் புத்துப்பட்டு வந்தபோது, இங்கேதான் நிறுத்துவார்கள் என்று எண்ணினேன். ஏனென்றால் இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டில் மிஞ்சியிருக்கும் சில துண்டுகளில் ஒன்று, அங்கே அய்யனார் கோயிலைச் சுற்றிக் கோயில்காடாக இன்னும் நிற்கிறது. வேனோ அதைக் கடந்து போய், வரிசை வரிசையாக நட்ட ஒரு சவுக்குத் தோப்பில் நின்றது. சில ஆண்டுகளில் வெட்டி விற்பதற்காக வளர்க்கும் தோப்பைத்தான் எங்களுக்குக் காடு என்று காட்டினார்கள். காக்கையைத் தவிர வேறு பறவை எதையும் நாங்கள் பார்க்கவில்லை.

எட்டு என்று சொன்ன வடங்கள் இரண்டாக இருந்தன. அவற்றிலும் ஒன்று பழுது என்றார்கள். வழிகாட்டி என்று வந்த தம்பிக்கு இருபது வயதுகூட இருக்காது. சமையல் உதவிக்கு என்று வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது என்பதை அவரே என் மைத்துனரிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபமில்லை; அவரை அங்கே நிறுத்தியவர்கள் மீதுதான் கோபம்.

பணத்தைவிட என்னை உறுத்துவது பாதுகாப்புதான். முறையாக நடத்தும் இடங்களில் பயணியின் இடுப்புப் பட்டையிலிருந்து வடத்தில் ஓடும் கப்பிக்கு ஓர் இணைப்பும், அது விட்டுப்போனால் தாங்குவதற்குத் தனியாக இன்னோர் இணைப்பும் இருக்கும். இங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மலையேறுபவர்கள் பயன்படுத்தும் கொக்கியின் உடலில் அது தாங்கும் விசை கிலோநியூட்டனில் பொறிக்கப்பட்டிருக்கும். 22 என்று இருந்தால் ஏறத்தாழ 2,200 கிலோ எடைக்கு ஈடான இழுவையைத் தாங்கும் என்று பொருள். எங்களுக்கு மாட்டிய கொக்கியில் எழுத்தும் இல்லை, திருகிப் பூட்டும் வளையமும் இல்லை. தலைக்கவசங்கள் கட்டட வேலைக்குரியவை, அவற்றிலும் இரண்டுக்குத் தாடைப்பட்டி கிடையாது. எடை பார்க்கவே இல்லை. எடை குறைந்தவர்கள் நடுவழியில் நின்றுவிடுவதும், எடை மிகுந்தவர்கள் வேகமாகப் போய் எதிர்முனையில் மோதுவதும் இந்த விளையாட்டில் வழக்கம் என்பதால், எடை பார்க்காமல் யாரையும் அனுப்பக்கூடாது.

எங்களுக்கு இரண்டும் நேர்ந்தன. பதினொரு வயது மகள் பாதி வடத்தில் நின்றுவிட, இழுத்து வருவதற்கு ஒரு கயிறுகூட இல்லாமல், பக்கத்துக் கொல்லையிலிருந்து மூங்கில் ஏணி கொண்டுவந்து அவளை இறக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அழாமல் தொங்கிக்கொண்டிருந்தவள் தரையில் கால் பட்டதும்தான் அழுதாள். மைத்துனர் எதிர்முனை டயரில் மோதிக் கணுக்கால் பிசகிக்கொண்டார். முதலுதவிப் பெட்டி கேட்டதற்குக் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் தந்தார்கள். மதிய உணவு ஆறிப்போன தக்காளிச் சாதம்; அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நாங்கள் கையெழுத்திட்ட ஆங்கிலப் படிவத்தை நீட்டினார்கள். எந்த விபத்துக்கும், அது தங்கள் கவனக்குறைவால் நேர்ந்தாலும், பொறுப்பில்லை என்று அதில் இருக்கிறது. அப்படி எழுதி வாங்கிவிட்டால் புகார் செய்யவே முடியாது என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களைக் கேள்வி கேட்க இடம் தருகிறது. சேவை பெற்றது வேறு ஊராக இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் நான் முதலில் பதிவு செய்தேன். முகவரிடமிருந்து பதில் வராததால் கடலூர் ஆணையத்துக்கான மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

முன்பணம் கட்டுமுன் வடம் யாருக்குச் சொந்தம், எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தின் இன்றைய காணொளி ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்டிருந்தால் அவர்களால் அனுப்பியிருக்க முடியாது. ஜிஎஸ்டி எண் அச்சிட்ட ரசீதும் கேளுங்கள். எனக்குக் கிடைத்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம் மட்டுமே. அன்று அதே வேனில் வந்த இரு குடும்பத்தினர் இதைப் படிக்க நேர்ந்தால், பணம் செலுத்திய விவரத்தையும், மகளை ஏணியில் இறக்கியபோது உங்களில் ஒருவர் கைப்பேசியில் எடுத்த காணொளியையும் அழிக்காமல் வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன். மனுவோடு அவற்றையும் இணைக்க வேண்டும்.